இணையதளத்தை வேறு வைப்பது எப்படி

செட்டிநாட்டில் கல்யாணமான பிள்ளையை 'வேறு வைப்பது' என்று ஒரு வழக்கம் உண்டு. வீடு அதே வீடுதான், வளவும் முற்றமும் எல்லாருக்கும் பொது. ஆனால் அந்தப் புள்ளிக்கு, அதாவது அந்தத் தம்பதிக்கு, ஓர் அறை, தனி அடுப்பு, தனிக் கணக்கு. பானை சட்டியிலிருந்து அரிசி பருப்பு வரை கொடுத்து, இனி உன் வரவு செலவை நீயே பார்த்துக்கொள் என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். மூன்று வருஷம் முன்பு என் இணையதளத்தை ஹோஸ்டிங் நிறுவனத்தின் பொது சர்வரிலிருந்து (பலருடைய தளங்கள் ஒன்றாக ஓடும் கணினி) எடுத்து நானே நிர்வகிக்கும் சர்வருக்குக் கொண்டுபோனபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. அப்போது நான் தடுமாறிய இடங்களை யாராவது முன்பே சொல்லியிருந்தால் இரண்டு நாளில் முடிந்திருக்கும் வேலை, மூன்று வாரம் இழுத்தது. இப்போதுதான் முதல்முறை இதைச் செய்யப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

என் தளம் சின்னது. அப்பத்தா கைப்பட எழுதிய சமையல் நோட்டு, ஐயாவின் கணக்கேட்டுப் பக்கங்கள், காரைக்குடியைச் சுற்றிய ஊர்களில் நான் எடுத்த ஆத்தங்குடிக் கல் படங்கள், எல்லாம் சேர்த்து நானூறு பக்கம் இருக்கும். வேர்ட்பிரஸ் என்ற தள மென்பொருளில் ஓடுகிறது. உங்கள் தளமும் அநேகமாக அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துச் சொல்கிறேன். வெறும் எச்டிஎம்எல் பக்கங்கள் மட்டும் என்றால் டேட்டாபேஸ் பற்றிய பகுதியைத் தாண்டிவிடலாம், உங்களுக்கு வேலை பாதிதான்.

ஏன் மாற்ற வேண்டும்? ஷேர்டு ஹோஸ்டிங் என்பது பங்காளி வீடு மாதிரி. ஒரு புள்ளி வீட்டில் விசேஷம் என்றால் வளவு முழுக்கப் பந்தி, மற்றவர்கள் ஒதுங்கித்தான் நடக்க வேண்டும். பக்கத்துத் தளத்துக்குக் கூட்டம் வந்தால் உங்கள் தளம் திணறும், எந்த மென்பொருள் எந்தப் பதிப்பில் ஓடவேண்டும் என்பதும் உங்கள் கையில் இல்லை. இலவச இடங்களோ ஒருநாள் மூடிவிடும். யாஹூவின் இலவசத் தளச் சேவையான ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டபோது ஆட்கள் வருஷக்கணக்காக எழுதி வைத்த பக்கங்கள் அதோடு போயின, யாராவது பிரதி எடுத்து வைத்தவை மட்டும் தப்பின. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். பிரித்த வீடுகளின் கதவும் தூணும் சுவரோரம் சாய்ந்து நிற்கும், எந்த ஊர் எந்த வீட்டுக் கதவு என்று பல நேரம் யாருக்கும் தெரியாது. அப்பத்தாவின் நோட்டுக்கு அந்த நிலை வரக்கூடாது என்பதுதான் எனக்கு முதல் காரணம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மாதம் ஒன்றிரண்டு மணி நேரம் ஒதுக்க முடியாது என்றால் இதில் இறங்காதீர்கள். கவனிக்காமல் விட்ட சர்வர் பூட்டாமல் போன வீடுதான்.

எதை எங்கே வைத்திருக்கிறீர்கள்

ஒரு தாளில் மூன்று தலைப்பு எழுதுங்கள்: டொமைன் (தளத்தின் பெயர்), தளம், மெயில். டொமைனை எங்கே வாங்கினீர்கள், யார் பேரில் பதிவாகியிருக்கிறது, எந்தத் தேதியில் காலாவதி ஆகிறது? தளத்தின் கோப்புகள் எந்த நிறுவனத்தில்? டொமைன் பேரில் மெயில் முகவரி இருந்தால் அது எங்கே ஓடுகிறது? மூன்றும் ஒரே நிறுவனத்தில் இருந்தால் இதைப் பிரித்துப் பார்க்கவே தோன்றாது, ஆனால் நீங்கள் மாற்றப்போவது நடுவில் இருக்கும் ஒன்றை மட்டும்தான்.

டொமைன் உங்கள் பேரில் இல்லாமல், தளம் செய்து கொடுத்தவர் பேரில் இருந்தால் மற்ற எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு அதை முதலில் உங்கள் பேருக்கு வாங்குங்கள். சர்வர் போனால் இன்னொன்று எடுக்கலாம், டொமைன் போனால் முகவரியே போயிற்று. அதே சமயம் டொமைனை வேறு நிறுவனத்துக்கு மாற்றுவதையும் தளத்தை மாற்றுவதையும் ஒரே வாரத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். எது எதனால் கெட்டது என்று கண்டுபிடிக்க முடியாமல் போகும்.

மெயில் விஷயத்தில் என் கருத்து தெளிவு: மெயில் சர்வரை நீங்களே ஓட்டாதீர்கள், முதல் வருஷமாவது வேண்டாம். பல நிறுவனங்கள் புது சர்வர்களில் மெயில் வெளியே போகும் வாசலான 25ஆம் போர்ட்டை அடைத்தே வைத்திருக்கும், திறந்து கொடுத்தாலும் நீங்கள் அனுப்புவது பெரும்பாலும் ஸ்பாமில் விழும். மெயில் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். பழைய ஹோஸ்டிங்கிலேயே மெயிலும் இருந்தால், அதை மூடுவதற்கு முன்னால் மெயிலுக்கு வேறு இடம் பார்த்துவிடுங்கள்.

வாடகை சர்வரா, வீட்டுச் சர்வரா

விபிஎஸ் என்பது பெரிய சர்வர் ஒன்றில் உங்களுக்கென்று பிரித்துக் கொடுத்த பங்கு. நினைவகம் இவ்வளவு, இடம் இவ்வளவு என்று அளந்து கொடுப்பார்கள், உள்ளே நீங்கள் வைத்ததுதான் சட்டம். வேறு வைப்பது என்று சொன்னேனே, சரியாக அதுதான். 1 ஜிபி நினைவகமுள்ள சர்வருக்கு மாதம் ஐந்தாறு டாலர், வரி தனி. டிஜிட்டல் ஓஷனுக்கு பெங்களூருவிலும் லினோடுக்கு மும்பையிலும் சென்னையிலும் டேட்டா சென்டர் இருக்கிறது, நம் ஆட்கள் படிக்கும் தளம் என்றால் பக்கத்தில் இருப்பதையே எடுங்கள்.

வீட்டிலேயே ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினி ஒன்றை வைத்து ஓட்டலாமே என்று எனக்கும் ஆசை இருந்தது, ஓட்டியும் பார்த்தேன். பத்து வாட் கூட இழுக்காது, இன்வெர்ட்டரில் தாராளமாக ஓடும். ஆனால் ரவுட்டரையும் ஃபைபர் பெட்டியையும் சேர்த்து இன்வெர்ட்டரில் போட வேண்டும், இதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். பராமரிப்புக்காகக் காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்டை நிறுத்தும் நாட்களில் பேட்டரி தாங்குமா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீடு போன்ற பழைய வீடுகளில் சுவர் கனம், முகப்பில் இருக்கும் வைஃபை இரண்டாங்கட்டுக்கு வருவதற்குள் செத்துவிடும், அதனால் சர்வருக்குக் கம்பிதான் இழுக்க வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் இடி இறங்கும்போது சர்ஜ் புரொடெக்டர் இல்லாமல் எதையும் சொருகி வைக்கக்கூடாது. மெமரி கார்டில் டேட்டாபேஸை ஓட்டினால் கார்டு சீக்கிரம் தேய்ந்துவிடும், ஒரு சின்ன எஸ்எஸ்டி வாங்கிக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் சமாளிக்கக் கூடியவைதான். பெரிய தடை வேறு. நம்மூர் வீட்டு இணைப்புகளில் பலவற்றுக்குத் தனி ஐபி முகவரி (இணையத்தில் ஒரு கணினியைத் தேடி வரும் எண்) கிடையாது, ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்திருப்பார்கள். உங்கள் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து வெளி முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரை உள்ள எண்ணில் ஆரம்பித்தால் நீங்களும் அப்படித்தான், வெளியிலிருந்து யாரும் உங்கள் சர்வரைத் தேடி வர முடியாது. மாறாத தனி முகவரியான ஸ்டேட்டிக் ஐபி காசு கொடுத்து வாங்கலாம், இல்லை கிளவுட்ஃப்ளேர் டனல் மாதிரி ஒன்றைப் போட்டு உள்ளிருந்து வெளியே ஒரு வழி திறந்து வைக்கலாம். புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது, முதலில் விபிஎஸ் எடுங்கள், ஒரு வருஷம் பழகிய பிறகு வீட்டுச் சர்வரை யோசியுங்கள். கீழே எழுதியிருப்பதும் அதை வைத்துத்தான்.

பணம் கட்டுவது பற்றியும் ஒரு வார்த்தை. ரிசர்வ் வங்கியின் 2021 விதிகளுக்குப் பிறகு, கார்டிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் எடுப்பது வெளிநாட்டு நிறுவனங்களுக்கு அடிக்கடி தட்டிப்போகிறது. தட்டிப்போனது தெரியாமல் இருந்தால் சர்வரையே நிறுத்திவிடுவார்கள். முன்பணமாக ஆறு மாதத்துக்குக் கட்டி வைக்க வசதியிருந்தால் அதைச் செய்யுங்கள்.

கையில் ஒரு பிரதி

சர்வர் வாங்குவதற்கு முன்பே இதை முடியுங்கள். வேர்ட்பிரஸ் தளத்தில் எடுக்க வேண்டியது இரண்டு: கோப்புகள், டேட்டாபேஸ். படங்கள், தீம், பிளகின் எல்லாம் கோப்புகளில் இருக்கும். நீங்கள் எழுதிய எழுத்து முழுக்க டேட்டாபேஸில் இருக்கும். கோப்புறையை மட்டும் ஜிப் செய்து வைத்துக்கொண்டு தளமே கையில் இருப்பதாக நினைத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும், அவரிடம் படங்கள் மட்டுமே மிஞ்சின.

டேட்டாபேஸைப் பிரதி எடுக்கும்போதுதான் எனக்கு மோசமான அடி விழுந்தது, தமிழில் எழுதுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நின்று படியுங்கள். வேர்ட்பிரஸ்ஸின் டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்க்யூஎல்லில் 'யூடிஎஃப்8' என்று பெயர் வைத்திருக்கும் எழுத்துமுறை ஓர் எழுத்துக்கு மூன்று பைட் வரைதான் பிடிக்கும். சாதாரணத் தமிழெழுத்தும் துணைக்குறியும் ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 என்ற பொது முறையில் மூன்று பைட், அதனால் பிரச்சினை கண்ணில் படவே படாது. ஆனால் ஐயாவின் கணக்கேட்டில் இருக்கும் பழைய பின்னக் குறிகள், அதாவது இருபதில் ஒரு பங்கான மா, எண்பதில் ஒரு பங்கான காணி, முந்நூற்றிருபதில் ஒரு பங்கான முந்திரி, இவை யூனிகோடுக்குள் வந்ததே 2019இல்தான், வேறொரு தொகுதியில், ஒவ்வொன்றும் நான்கு பைட். இமோஜிகளும் அப்படியே. பிரதி எடுக்கும் நிரலான மைஎஸ்க்யூஎல்டம்பின் பழைய பதிப்பை, எழுத்துமுறை எதுவும் சொல்லாமல் ஓட்டினேன். புது சர்வரில் தளத்தைத் திறந்தால் எல்லாம் அழகாக இருந்தது, சமையல் நோட்டு இருந்தது, படங்கள் இருந்தன. கணக்கேட்டுப் பக்கத்துக்குப் போனால் நெல்லுக்கும் நிலத்துக்கும் எதிரே வரிசையாகக் கேள்விக்குறி. ஒரு பக்கத்தில் பதினேழு கேள்விக்குறி. எது மா, எது காணி என்று அதிலிருந்து இனி யாரும் சொல்ல முடியாது.

பழைய தளத்தை அதுவரை மூடாமல் வைத்திருந்தேன், அதனால் பிழைத்தேன். பிரதி எடுக்கும்போதே எழுத்துமுறை 'யூடிஎஃப்8எம்பி4' என்று வெளிப்படையாகச் சொல்லி மறுபடி எடுத்தேன், புது சர்வரில் டேட்டாபேஸை உருவாக்கும்போதும் அதையே கொடுத்தேன், குறிகள் எல்லாம் திரும்பி வந்தன. பின்னக் குறி எதுவும் உங்களிடம் இல்லாவிட்டாலும் இப்படியே செய்யுங்கள். எடுத்த கோப்பை ஒரு டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து தமிழ் தமிழாகத் தெரிகிறதா என்று கண்ணால் பாருங்கள். புரியாத லத்தீன் எழுத்துகளின் கலவையாகத் தெரிந்தால் எங்கோ எழுத்துமுறை மாறியிருக்கிறது, அதோடு மேலே போகாதீர்கள்.

சர்வருக்குக் கதவும் பூட்டும்

சர்வருக்கு இயங்குதளமாக உபுண்டு 24.04 எடுங்கள், 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். சர்வர் உயிர் பெற்ற சில நிமிடங்களிலேயே எங்கெங்கோ இருக்கும் நிரல்கள் பாஸ்வேர்டை ஊகித்து உள்ளே வரப் பார்க்கும். உங்களைக் குறிவைத்து வருவதில்லை, எல்லாக் கதவையும் தட்டிப் பார்த்துக்கொண்டே போகிறவை. அதனால் தளத்தை ஏற்றும் முன்பே பூட்டு.

தூரத்திலிருந்து சர்வருக்குள் பாதுகாப்பாக நுழையும் வழிதான் எஸ்எஸ்எச். உங்கள் கணினியில் அதற்கு ஒரு சாவி உருவாக்குங்கள். அதில் இரண்டு பாகம், ஒன்று ரகசியம், உங்கள் கணினியை விட்டு வெளியே போகக்கூடாது, இன்னொன்று பொதுச்சாவி, அதை சர்வரில் வைப்பீர்கள். அப்புறம், எல்லா உரிமையும் உள்ள ரூட் அல்லாத ஒரு பயனரை உருவாக்கி, தேவைப்படும்போது மட்டும் ரூட்டாக வேலை செய்யும் சூடூ உரிமை கொடுத்து, அந்தப் பயனராகச் சாவியை வைத்து உள்ளே போக முடிகிறதா என்று இரண்டாவது ஜன்னலில் சோதியுங்கள். முதல் ஜன்னலை மூடாமலே சோதியுங்கள். உள்ளே போக முடிந்தால் மட்டும் எஸ்எஸ்எச் அமைப்பில் பாஸ்வேர்டு நுழைவையும் ரூட் நுழைவையும் நிறுத்துங்கள்.

வெளியிலிருந்து வருபவற்றைத் தடுக்கும் ஃபயர்வாலுக்கு யூஎஃப்டபிள்யூ என்ற நிரல் போதும். 22 (எஸ்எஸ்எச்), 80, 443 (இரண்டும் தளத்துக்கு) மூன்று போர்ட் மட்டும் திறந்திருக்கட்டும். இதில் வரிசை முக்கியம், 22ஐ அனுமதித்த பிறகுதான் ஃபயர்வாலை இயக்க வேண்டும், மாற்றிச் செய்தால் நீங்களே வெளியில் நிற்பீர்கள். அப்படி நின்றுவிட்டாலும் பயப்பட வேண்டாம், நிறுவனத்தின் இணையப் பக்கத்திலேயே கன்சோல் என்று ஒன்று இருக்கும், அதன் வழியாக உள்ளே போய்ச் சரிசெய்யலாம். டேட்டாபேஸின் 3306ஐத் திறக்கவே திறக்காதீர்கள். எங்கள் பக்கத்து வீடுகளில் திண்ணை வரை யாரும் வரலாம், ஆனால் பெட்டகம் இருக்கும் அறைக்கு அந்தப் புள்ளிக்காரர் மட்டும்தான் போவார், அதே முறைதான் இங்கேயும்.

பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக ஏறும்படி அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸை இயக்கி விடுங்கள். 1 ஜிபி சர்வர் என்றால் இன்னொரு 1 ஜிபி ஸ்வாப் கோப்பும் (நினைவகம் போதாதபோது டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளும் இடம்) உருவாக்குங்கள். நினைவகம் நிரம்பினால் லினக்ஸ் கர்னல் பெரும்பாலும் டேட்டாபேஸைத்தான் முதலில் கொல்லும், தளத்தைத் திறந்தால் டேட்டாபேஸ் இணைப்பு இல்லை என்று ஒற்றை வரி வரும், ஏன் என்று புரியாமல் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பீர்கள்.

பக்கங்களை வாசகருக்கு அனுப்பும் மென்பொருளான வெப் சர்வராக நான் கேடியைச் சொல்வேன். எஞ்சின்எக்ஸ் நல்லது, நிறைய ஆட்கள் பயன்படுத்துகிறார்கள், ஆனால் முதல்முறை செய்கிறவருக்குக் கேடியில் நான்கைந்து வரியில் வேலை முடிகிறது, எச்டிடிபிஎஸ் சான்றிதழை அதுவே வாங்கிக்கொள்ளும், அதுவே புதுப்பித்தும் கொள்ளும். கூடவே வேர்ட்பிரஸ்ஸை ஓட்டும் பிஎச்பி, டேட்டாபேஸுக்கு மைஎஸ்க்யூஎல்லின் இடத்தில் மரியாடிபி. பழைய ஹோஸ்டிங்கில் எந்த பிஎச்பி பதிப்பு ஓடியது என்று குறித்துக்கொள்ளுங்கள், ரொம்பப் பழைய தீம்களும் பிளகின்களும் பிஎச்பி 8இல் உடையும்.

சாமான்களை ஏற்றுவது

பழைய ஹோஸ்டிங்கில் எஸ்எஸ்எச் அனுமதி இருந்தால், கோப்புகளைப் பிரதி செய்து அனுப்பும் ஆர்சிங்க் போல ஒன்று கிடையாது. மாறிய கோப்புகளை மட்டும் அனுப்பும், பாதியில் நெட் போனால் மறுபடி ஓட்டினால் போதும். ஒத்திகை பார்க்கும் வசதி அதில் உண்டு, எதை அனுப்பப் போகிறது என்று பட்டியல் மட்டும் காட்டும், முதல்முறை கட்டாயம் அதை ஓட்டிப் பாருங்கள். மூலக் கோப்புறையின் பெயருக்குப் பின்னால் சாய்கோடு போட்டால் உள்ளிருப்பவை மட்டும் போகும், போடாவிட்டால் கோப்புறையோடு சேர்ந்து போய் உள்ளுக்குள் இன்னொரு கோப்புறை உண்டாகும். எஸ்எஸ்எச் இல்லாவிட்டால் கண்ட்ரோல் பேனலில் ஜிப் செய்து இறக்கி, மேலே ஏற்றுங்கள்.

கோப்புகள் போன பிறகு அவற்றின் உரிமையாளரை வெப் சர்வர் பயனருக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் புதுப் படம் ஏற்ற முடியாது. டேட்டாபேஸைத் திணித்துவிட்டு, வேர்ட்பிரஸ்ஸின் கான்ஃபிக் கோப்பில் டேட்டாபேஸ் பெயர், பயனர், பாஸ்வேர்டு மூன்றையும் புதியதற்கு மாற்றுங்கள்.

இந்த இடத்தில் தமிழ்க்காரர்களுக்கு மட்டும் வரும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. படங்களுக்குத் தமிழில் பெயர் வைத்திருந்தீர்கள் என்றால் கவனமாக இருங்கள். என்னிடம் ஓலைக் கொட்டான் படம் ஒன்று 'கொட்டான்' என்ற பெயரிலேயே இருந்தது. பழைய மேக் கணினியில் இறக்கி, அங்கிருந்து புது சர்வருக்கு ஏற்றினேன். கோப்பு இருக்கிறது, பெயரும் கண்ணுக்குச் சரியாகத்தான் தெரிகிறது, ஆனால் பக்கத்தில் படம் வரவில்லை, 404, அதாவது அப்படி ஒரு கோப்பு இல்லை, என்கிறது. காரணம் இதுதான்: 'கொ' என்பதில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் கொம்பும் காலுமாக இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். பழைய மேக் கோப்பு முறை பெயர்களைப் பிரித்தே சேமிக்கும். லினக்ஸுக்கு இரண்டும் வேறு வேறு பெயர். கொ, கோ, கௌ வரும் பெயர்கள் எல்லாமே இப்படி மாட்டும். கான்வ்எம்வி என்ற சின்ன நிரல் கோப்புறை முழுக்க ஒரே முறைக்கு மாற்றிக் கொடுக்கும். முடிந்தால் பழைய சர்வரிலிருந்து புது சர்வருக்கு நேராகவே அனுப்புங்கள், நடுவில் கணினியே வேண்டாம்.

பார்த்துவிட்டுக் குடிபோங்கள்

டொமைன் இன்னும் பழைய சர்வரைத்தான் காட்டுகிறது, ஆனால் உங்கள் கணினிக்கு மட்டும் புதியதைக் காட்டச் சொல்லலாம். ஹோஸ்ட்ஸ் என்று ஒரு கோப்பு விண்டோஸ், லினக்ஸ், மேக் எல்லாவற்றிலும் உண்டு. அதில் புது சர்வரின் ஐபியையும் உங்கள் டொமைனையும் ஒரே வரியில் எழுதினால் போதும், ஊருக்கெல்லாம் பழைய தளம், உங்களுக்கு மட்டும் புதுத் தளம். சான்றிதழ் இன்னும் வாங்கவில்லை என்பதால் கேடியைத் தற்காலிகமாக அதுவே உருவாக்கும் உள்சான்றிதழில் ஓடவிடுங்கள், பிரவுசர் எச்சரிக்கும், தாண்டிப் போங்கள்.

இதில் அவசரப்படாதீர்கள். முகப்புப் பக்கம் திறந்தால் மட்டும் போதாது, வருஷத்துக்கு இரண்டு பக்கமாவது திறந்து பாருங்கள், தேடிப் பாருங்கள், ஒரு படம் ஏற்றிப் பாருங்கள், தமிழில் ஒரு பின்னூட்டம் போட்டுப் பாருங்கள். தொடர்பு படிவத்திலிருந்து மெயில் வருகிறதா என்றும் பாருங்கள், அநேகமாக வராது, நான் மேலே சொன்ன போர்ட் விஷயம்தான். மெயில் அனுப்பும் வெளிச் சேவை ஒன்றை எஸ்எம்டிபி பிளகின் வழியாக இணைத்தால் சரியாகிவிடும். எல்லாம் முடிந்ததும் ஹோஸ்ட்ஸ் வரியை மறக்காமல் அழித்துவிடுங்கள்.

முகவரி மாற்றும் நாள்

ஆடியில் யாரும் குடிபோக மாட்டார்கள். என் தளத்துக்கு அதுதான் நல்ல மாதமாக அமைந்தது. பிள்ளையார் நோன்பு சமயத்தில்தான் இழை மாவு எப்படிப் பிசைவது என்று வெளிநாட்டிலிருந்தெல்லாம் தேடி வருவார்கள், ஆடியில் கூட்டம் குறைவு, மழையும் இல்லை. உங்கள் தளத்துக்கு எப்போது கூட்டம் குறைவோ அந்த நாளைப் பாருங்கள்.

இரண்டு நாள் முன்பே, டொமைனுக்கு எந்த ஐபி என்று சொல்லும் டிஎன்எஸ் பக்கத்தில் டிடிஎல் மதிப்பைக் குறையுங்கள். 14400 என்றோ 86400 என்றோ இருக்கும், 300 ஆக்குங்கள். அது விநாடிக் கணக்கு, இந்த முகவரியை எவ்வளவு நேரம் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம் என்று மற்ற சர்வர்களுக்குச் சொல்வது. குறைத்து வைத்தால் மாற்றம் ஐந்து நிமிடத்தில் பெரும்பாலானவர்களுக்குப் போய்ச் சேரும், தப்பாகிவிட்டால் அதே ஐந்து நிமிடத்தில் திரும்பவும் வரலாம்.

அன்றைக்குப் பழைய தளத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு, ஆர்சிங்க்கை இன்னொரு முறை ஓட்டி, டேட்டாபேஸைப் புதிதாக எடுத்துத் திணியுங்கள். பிறகு டிஎன்எஸ்ஸில் தளத்தின் ஐபியைச் சொல்லும் வரியான ஏ ரெக்கார்டைப் புது ஐபிக்கு மாற்றுங்கள், டபிள்யூ டபிள்யூ டபிள்யூ உள்ளதையும் சேர்த்து. எம்எக்ஸ் ரெக்கார்டைத் தொடாதீர்கள், அது மெயில். ஆனால் அந்த எம்எக்ஸ் உங்கள் டொமைன் பேரையே காட்டிக்கொண்டிருந்தால் ஏ ரெக்கார்டு மாறும்போது மெயிலும் கூடவே நகர்ந்துவிடும். அப்படியிருந்தால் மெயிலுக்குத் தனிப் பெயர் ஒன்று உருவாக்கிப் பழைய ஐபியைக் காட்டச் சொல்லி, எம்எக்ஸை அந்தப் பெயருக்கு முன்கூட்டியே மாற்றி வையுங்கள்.

நான் விட்டது 'ஏஏஏஏ' என்ற ரெக்கார்டை. ஐபிவி6 என்ற புதுவகை ஐபி முகவரிக்கு என்று தனியாக ஒரு வரி இருக்கும், பழைய ஹோஸ்டிங் தானாகவே போட்டு வைத்திருந்தது, நான் பார்க்கவே இல்லை. என் வீட்டு நெட்டில் ஐபிவி6 கிடையாது, எனக்குப் புதுத் தளம் தெரிந்தது, சந்தோஷமாகக் கந்தரப்பம் படம் ஒன்றை ஏற்றிவிட்டு எல்லாருக்கும் சொன்னேன். மறுநாள் தேவகோட்டையிலிருந்து அத்தை போன் செய்தார்கள். "ஏப்பா, நேத்து ஏத்தினேன்னு சொன்ன படத்தைக் காணோமே, நான் எத்தனை தடவை திறந்து பாக்குறேன்." அவர்கள் போனில் பார்க்கிறார்கள். நம் மொபைல் இணைப்புகள் பலவும் ஐபிவி6இல்தான் ஓடுகின்றன, அதனால் போனில் வருகிற எல்லாரும் இன்னும் பழைய தளத்துக்கே போய்க்கொண்டிருந்தார்கள், இரண்டு பேர் அங்கே பின்னூட்டமும் போட்டிருந்தார்கள், அதைக் கையால் எடுத்து இங்கே சேர்த்தேன். சர்வருக்கு ஐபிவி6 இருந்தால் அந்த வரியைப் புதியதற்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் நீக்கிவிடுங்கள்.

அந்த வரி சான்றிதழையும் கெடுக்கும். கேடி சான்றிதழ் வாங்குவது வழக்கமாக லெட்ஸ் என்க்ரிப்டிடம், அது இலவசம், 90 நாள் செல்லும். அவர்கள் உங்கள் டொமைனைத் தேடி வந்து சரிபார்க்கும்போது ஐபிவி6 முகவரி இருந்தால் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள், அது பழைய சர்வரைக் காட்டினால் சோதனை தோற்கும். தோற்றால் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் திரும்பத் திரும்ப முயலாதீர்கள், ஒரு மணி நேரத்துக்குள் 5 முறை தோற்றால் காத்திருக்கச் சொல்லிவிடுவார்கள். உள்சான்றிதழ் வரியை நீக்கிவிட்டு, டிஎன்எஸ் மாறியதை உறுதி செய்துகொண்டு, கேடியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஒரு நிமிடத்தில் பூட்டுக் குறி வந்துவிடும்.

பழைய வீட்டுச் சாவி

புது வீட்டில் பால் காய்ச்சியதும் பழைய வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட வேண்டாம். ஒரு மாதம் பழைய ஹோஸ்டிங்கை அப்படியே விடுங்கள். யார் வந்து போனார்கள் என்று குறித்து வைக்கும் அதன் அக்சஸ் லாகைத் தினமும் ஒருமுறை பாருங்கள், முதல் நாள் நூறு வரி, அப்புறம் பத்து, அப்புறம் தேடுபொறிகள் மட்டும், பிறகு ஒன்றும் இல்லை. அது ஓய்ந்தால்தான் எல்லாரும் வந்து சேர்ந்தார்கள் என்று அர்த்தம். டிடிஎல்லைப் பழையபடி உயர்த்திவிடுங்கள்.

இந்த மாதத்துக்குள் பேக்கப்பை முடிக்க வேண்டும். ஹோஸ்டிங் நிறுவனம் உங்களுக்குத் தெரியாமல் எடுத்து வைத்த பேக்கப் இனி கிடையாது. நான் வைத்திருப்பது இவ்வளவுதான்: ராத்திரி இரண்டு மணிக்கு, குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் க்ரான் டேட்டாபேஸைப் பிரதி எடுக்கும், ரெஸ்டிக் என்ற பேக்கப் நிரல் அதையும் படங்களையும் வேறு நிறுவனத்தின் சேமிப்பிடத்துக்குப் பூட்டி அனுப்பும், வாரம் ஒருமுறை வீட்டு ஹார்டு டிஸ்க்குக்கு ஒரு பிரதி வரும். சர்வர் இருக்கும் அதே கணக்கில் பேக்கப்பையும் வைத்தால் கணக்கு முடங்கும்போது இரண்டும் சேர்ந்து போகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு புது சர்வரை இரண்டு மணி நேரத்துக்கு எடுத்து, பேக்கப்பை அதில் விரித்துப் பார்க்கிறேன், சில ரூபாய் செலவு. முதல்முறை செய்தபோது படக் கோப்புறையின் பாதையைத் தப்பாகக் கொடுத்திருந்தது தெரிந்தது, இரண்டு மாதமாக வெறும் கோப்புறையைத்தான் பேக்கப் எடுத்துக்கொண்டிருந்தேன்.

பழைய கணக்கை மூடும்போது மெயில் அங்கே இல்லை, டொமைன் அங்கே இல்லை, தானாகப் புதுப்பிப்பது நிறுத்தியாயிற்று என்று மூன்றையும் பார்த்துவிட்டு மூடுங்கள். கோப்புகளையும் டேட்டாபேஸையும் அழித்துவிட்டு மூடுங்கள், வாசகர்களின் மெயில் முகவரிகள் அதில் இருக்கும்.

கடைசியாக ஒரு தாள் வேலை. கோட்டையூரில் ரோஜா முத்தையா தன் வீட்டில் சேர்த்து வைத்த நூல்களும் இதழ்களும் துண்டறிக்கைகளுமாக ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படிகள், அவர் 1992இல் காலமான பிறகு 1994இல் சென்னைக்குப் போய், இன்று ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. அலமாரியில் இருக்கும் புத்தகத்தை வீட்டில் யாரும் பார்க்கலாம். சர்வரில் இருப்பதை, இருக்கிறது என்று தெரிந்தவர் மட்டும்தான் பார்க்க முடியும். அதனால் டொமைன் எங்கே, எந்தத் தேதியில் புதுப்பிக்க வேண்டும், சர்வர் எந்த நிறுவனத்தில், பேக்கப் எங்கே, அதைத் திறக்கும் பாஸ்வேர்டு என்ன, தெரியாவிட்டால் யாரைக் கேட்பது, இத்தனையையும் கணினி தெரியாதவருக்கும் புரியும்படி ஒரு தாளில் எழுதி, வீட்டில் ஒருவரிடம் எங்கே இருக்கிறது என்று சொல்லி வையுங்கள். என்னுடையது அப்பத்தாவின் பெட்டகத்தில், அவர்களுடைய சமையல் நோட்டுக்கு அடியில் இருக்கிறது, என் தங்கைக்குத் தெரியும்.